சுயேச்சையும் சார்பும்: டெபெஷ் மோட் இசைக்குழுவின் கலைவாழ்வு – ஒரு மதிப்பீடு

முன்னுரை

'சுயேச்சை' என்னும் சொல் தன் விருப்பின்வழி இயங்குதல் என்னும் பொருளுடையது. தேர்தல் களத்தில் எக்கட்சியையும் சாராது நிற்பவரைக் குறிக்க நாம் வழங்கும் இச்சொல், மேலைநாட்டு வெகுசன இசையில் 'இண்டி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் போக்கினைக் குறிக்கவும் பொருத்தமானதாகும். ஆயின், அங்கு அச்சொல்லின் பொருள் ஒருநிலையில் நின்றதில்லை. 1980 ஜனவரியில் பிரித்தானியாவில் சுயேச்சை இசைத்தட்டுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் தொடங்கப்பட்டபோது, பெரிய நிறுவனங்களின் விநியோக வலையைச் சாராமல் கடைக்கு வந்த இசைத்தட்டு எதுவும் அப்பட்டியலில் இடம்பெறலாம் என்பதே அளவுகோலாக இருந்தது. அவ்விசை எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்பது பற்றி நிபந்தனை ஏதுமில்லை. 1986இல் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழ் 'சி86' என்னும் ஒலிநாடாவினை வெளியிட்ட காலத்தையொட்டி, 'இண்டி' என்பது கிதார் இசையை அடிப்படையாகக் கொண்ட ஒருவகைப் பாணியின் பெயராகச் சுருங்கலாயிற்று. உற்பத்தி முறையைச் சுட்டிய சொல் ஒலிப் பாங்கினைச் சுட்டும் சொல்லாக மாறிய இம்மாற்றத்தால், சுயேச்சையாக இயங்கிய குழுக்கள் சில திறனாய்வாளரின் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டன.

அவ்வாறு நின்றவற்றுள் முதன்மையானது டெபெஷ் மோட். சின்தசைசர் எனப்படும் மின்னொலிக் கருவியை முதன்மையாகக் கொண்டு குறும்பாடல் வடிவில் அமையும் 'சின்த் பாப்' இசையில் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிவரும் குழு இது. இக்குழுவின் கலைவாழ்வினை முன்வைத்து, கலைஞரின் சுயேச்சை என்பது எதில் அடங்கியுள்ளது என்னும் வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். நிறுவனத்தின் உரிமையாளர் எவர் என்பதைக் கொண்டோ, இசையின் பாணியைக் கொண்டோ சுயேச்சையை அளவிட இயலாது. தவறவும் மீளவும் கலைஞனுக்குக் கிடைக்கும் கால அவகாசமும், உழைப்பினைப் பகிர்ந்துகொள்ளும் முறையுமே அதன் உண்மையான அளவுகோல்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

தோற்றச் சூழல்

இலண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில் அமைந்துள்ள பேசில்டன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு திட்டமிட்டு எழுப்பிய புதுநகரங்களுள் ஒன்று. அந்நகரத்து இளைஞர்களான வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃபிளெட்சர், டேவ் காஹன் ஆகிய நால்வரும் 1980இல் ஒன்றிணைந்தனர். பிரெஞ்சு நாட்டு ஆடைநாகரிக இதழ் ஒன்றன் பெயரே குழுவின் பெயராயிற்று. கோர் வங்கி ஒன்றிலும், ஃபிளெட்சர் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிலும் அப்போது எழுத்தர் பணி பார்த்துவந்தனர்.

இவர்கள் சின்தசைசரைத் தேர்ந்தமைக்குக் காலச்சூழலும் காரணமாகும். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு மின்னொலியால் மட்டுமே முழுநீள இசைத்தொகுப்பு படைக்கலாம் என்பதை 1970களில் மெய்ப்பித்திருந்தது. அதே பத்தாண்டின் இறுதியில், சின்தசைசர் எளியோரும் வாங்கத்தக்க விலைக்கு இறங்கிவந்தது. கிதாரில் விரலைப் பழக்கப் பல மாதங்கள் வேண்டும். ஒற்றைச் சுர சின்தசைசரில் ஒரு விரலால் மெட்டு ஒன்றனை அன்றே இசைத்துவிடலாம். பயிற்சி பெறாதவரும் இசைக்கலாம் என்னும் பங்க் இயக்கத்தின் கொள்கையைப் பங்க் குழுக்களின் கிதாரைக் காட்டிலும் இக்கருவியே முழுமையாக நிறைவேற்றியது எனலாம். அத்துடன், அது கையில் எடுத்துச் செல்லத்தக்கது. தொடக்க காலத்தில் இக்குழுவினர் தம் கருவிகளைக் கையிலெடுத்துக்கொண்டு தொடர்வண்டியிலேயே நிகழ்ச்சிகளுக்குச் சென்றுவந்தனர். வண்டியும் பெரும் ஒலிபெருக்கிகளும் உதவியாளர் கூட்டமும் தேவைப்படாத இசைக்குழுவுக்கு முன்பணம் தரும் முதலாளியும் அத்துணை இன்றியமையாதவர் அல்லர். இவ்வாறு, கருவித் தேர்வே பொருளாதாரச் சுயேச்சைக்கு அடித்தளமிட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

எழுதப்படாத உடன்பாடு

டேனியல் மில்லர் 1978இல் 'தி நார்மல்' என்னும் பெயரில் தாம் ஒருவராகவே இசைத்துப் பதிவுசெய்த இசைத்தட்டினை வெளியிடுவதற்காக 'மியூட்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1980இல் 'சிலிக்கான் டீன்ஸ்' என்னும் கற்பனைக் குழுவொன்றன் பெயரால் ஓர் இசைத்தொகுப்பினையும் அவர் வெளியிட்டார். சின்தசைசர்களை மட்டுமே கொண்டு பாப் பாடல் இசைக்கும் பதின்பருவத்தினர் என்பது அக்கற்பனை. அதே ஆண்டில் இலண்டனின் கேனிங் டவுன் பகுதியில் 'பிரிட்ஜ் ஹவுஸ்' என்னும் மதுவிடுதியில் டெபெஷ் மோட் குழுவின் நிகழ்ச்சியைக் கண்டபோது, தாம் கற்பனை செய்த குழுவை அவர் நேரில் கண்டார் என்றே கூறலாம்.

இருதரப்புக்கும் இடையே எழுத்துவடிவ ஒப்பந்தம் ஏதும் செய்துகொள்ளப்படவில்லை. செலவு நீக்கி எஞ்சும் இலாபத்தைச் சரிபாதியாகப் பகிர்வது என்னும் வாய்மொழி உடன்பாட்டின்மீதே தொடக்க ஆண்டுகள் முழுவதும் நடைபெற்றன. பெரிய நிறுவனங்களின் வழக்கம் வேறு. அங்குக் கலைஞருக்கு முன்பணம் தரப்படும். அம்முன்பணமும் ஒலிப்பதிவுச் செலவும் கலைஞருக்குரிய சிறு பங்கிலிருந்து கழிக்கப்படும். கடன் தீரும்வரை அடுத்தடுத்த தொகுப்புகளை அளிக்கும் கடப்பாடு கலைஞரைப் பிணிக்கும். மியூட்டில் முன்பணமும் இல்லை, கடனும் இல்லை.

இதனைப் பாணரைப் போற்றிய புரவலர் மரபோடு ஒப்பிடத் தோன்றுவது இயல்பே. ஆயினும், அவ்வொப்பீடு ஓரளவே பொருந்தும். புரவலன் ஈபவன், பாணன் பெறுபவன். மில்லரோ குழுவின் வருவாயில் தாமும் வாழ்ந்தவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் உடனமர்ந்து தொடக்ககாலத் தொகுப்புகளை உருவாக்குவதில் பங்கேற்றவர். மேலும், டெபெஷ் மோட் ஈட்டிய பொருளே நிக் கேவ் போன்று உடனடி விற்பனைக்கு வாய்ப்பில்லாத கலைஞர்களை அந்நிறுவனம் தாங்கி நிற்கத் துணைசெய்தது. ஆகவே இவ்வுறவில் ஈவோர், பெறுவோர் என்னும் பிரிவு தெளிவாக இல்லை.

எழுதப்படாத உடன்பாடு தன்னளவில் நன்மை பயப்பது என்றும் முடிவு கட்டுதல் கூடாது. மான்செஸ்டரில் 'ஃபேக்டரி' நிறுவனமும் நியூ ஆர்டர் குழுவோடு இத்தகைய நம்பிக்கை உறவையே கொண்டிருந்தது. குழுவின் வருவாய் 1982இல் தொடங்கப்பட்ட 'ஹசியெண்டா' நடனக் கூடத்துக்கும் பிற முயற்சிகளுக்கும் செலவாகி, 1992இல் ஃபேக்டரி நொடித்துப்போயிற்று. இரு நிறுவனங்களிலும் நம்பிக்கை இருந்தது. ஒன்றில் கணக்கும் இருந்தது. டெபெஷ் மோட் குழு நெடுங்காலம் தனி மேலாளர் எவரையும் அமர்த்திக்கொள்ளவில்லை. கருவி இசைப்பதில் சிறப்பிடம் பெறாத ஃபிளெட்சர், குழுவின் வரவுசெலவினை நேரடியாகக் கவனித்தார். இசைவரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லும் இப்பணி, குழுவின் சுயேச்சையைக் காத்த பணிகளுள் ஒன்று என்பது இவ்வொப்பீட்டால் புலனாகின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. அமெரிக்காவில் இக்குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்டது வார்னர் குழுமத்தைச் சார்ந்த 'சயர்' நிறுவனம் ஆகும். நாடுதோறும் வெவ்வேறு நிறுவனங்களுக்கு வெளியீட்டு உரிமை தனித்தனியே வழங்கப்பட்டது. ஆதலின், பெருநிறுவனத் தொடர்பு அறவே இல்லாத தூய நிலை தொடக்கத்திலும் இருந்ததில்லை. எதைப் பாடுவது, எப்போது வெளியிடுவது, எவரோடு பணியாற்றுவது என்னும் முடிவுகள் குழுவிடமும் மில்லரிடமும் இருந்தன என்பதே இங்குச் சுயேச்சையின் பொருள்.

விலகலும் அவகாசமும்

1981இல் வெளிவந்த முதல் தனிப்பாடல் பிரித்தானியப் பட்டியலில் 57ஆம் இடத்தையும், அடுத்தது 11ஆம் இடத்தையும், மூன்றாவதான 'ஜஸ்ட் காண்ட் கெட் இனஃப்' 8ஆம் இடத்தையும் பெற்றன. முதல் தொகுப்பான 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' முதற் பத்து இடங்களுக்குள் வந்தது. இவ்வெற்றியின் உச்சத்தில், பாடல்களுள் பெரும்பாலானவற்றை இயற்றிய வின்ஸ் கிளார்க் குழுவைவிட்டு விலகினார். அவர் அலிசன் மோயட்டுடன் யாஸூ குழுவையும், பின்னர் ஆண்டி பெல்லுடன் இரேஷர் குழுவையும் அமைத்தார். இக்குழுக்களும் மியூட்டிலேயே இயங்கின. பிரிந்து சென்றவரும் இருந்தவரும் ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து பணியாற்றியமை அவ்வுறவின் இயல்பை உணர்த்தும்.

எஞ்சிய மூவரும் 1982இல் 'எ புரோக்கன் ஃபிரேம்' தொகுப்பினை உருவாக்கினர். பாடல் இயற்றும் பொறுப்பு கோரிடம் வந்தது. கலைநோக்கில் இத்தொகுப்பு சமனற்றது. கிளார்க்கின் துள்ளல் மெட்டுகளைப் பின்பற்ற முயலும் 'தி மீனிங் ஆஃப் லவ்' போன்ற பாடல்களும், பின்னாளில் கோரின் முத்திரையாக அமையவிருந்த இருண்ட தொனியைத் தேடும் 'லீவ் இன் சைலன்ஸ்' போன்ற பாடல்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுத்தடுத்து நிற்கின்றன. இதனை ஒரு பயிற்சிக் குறிப்பேடு எனலாம்.

முதன்மைப் பாடலாசிரியரை இழந்த குழுவிடமிருந்து இத்தகைய தொகுப்பு வருமாயின், பெரிய நிறுவனத்தார் வெளியிலிருந்து பாடலாசிரியரைக் கொணர்வர். அன்றேல் குழுவைக் கைவிடுவர். மில்லர் இரண்டினையும் செய்யவில்லை. கோர் என்னும் பாடலாசிரியர் உருவாவதற்கு அவர் கால அவகாசம் அளித்தார். அத்தொகுப்பு பட்டியலில் 8ஆம் இடம் பெற்றதும் அதற்குத் துணைநின்றது. எனினும், கோரின் முழு ஆற்றல் வெளிப்படப் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின. அவ்வாண்டுகளே இக்குழு பெற்ற மிகப்பெரிய முதலீடு என்பது எம் கருத்து.

ஒலியும் உழைப்பும்

முறையாக இசை பயின்ற ஆலன் வைல்டர், இதழ் விளம்பரம் ஒன்றன் வாயிலாக 1982இல் குழுவுடன் மேடையில் இசைக்க வந்து, பின்னர் முழு உறுப்பினரானார். அவர் வரவுக்குப் பின் உருவான 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்' (1983) குழுவின் திருப்புமுனை ஆகும். இயற்கை ஒலியைப் பதிவுசெய்து, அதனைச் சுரவரிசையாக மாற்றி இசைக்க உதவும் 'சாம்ப்ளர்' கருவி அப்போது புதியது. குழுவினர் கிழக்கு இலண்டனில் தெருக்களிலும் கட்டடப் பணியிடங்களிலும் உலோகத் தகடுகளையும் குழாய்களையும் தட்டி ஒலி சேகரித்தனர். இவ்வொலிகளே பாடல்களின் தாளமும் மெட்டும் ஆயின. தொகுப்பின் ஒலிக்கலவை பெர்லின் சுவரையடுத்த ஹன்சா ஒலிப்பதிவுக் கூடத்தில் நிறைவுற்றது. இரும்பையும் பட்டறைக் கருவிகளையும் இசைக்கருவிகளாக்கிய 'ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பாட்டன்' குழு இயங்கிய நகரும் அதுவே. அக்குழு செவிக்குக் கடுமையாகப் படைத்ததை, டெபெஷ் மோட் மூன்றரை நிமிடப் பாடலுக்குள் அடக்கி வானொலிக்கு ஏற்றதாக்கியது.

இதனை வெறும் ஒலிப்புதுமை என்று கடந்துவிட இயலாது. 'எ புரோக்கன் ஃபிரேம்' அட்டையில் அரிவாளால் கதிர் அறுக்கும் பெண். 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்' அட்டையில் சம்மட்டி ஓங்கிய ஆண். இரண்டும் பிரையன் கிரிஃபின் எடுத்த ஒளிப்படங்கள். இரண்டாவது தொகுப்பின் 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' வணிகப் பேராசையைக் கருப்பொருளாகக் கொண்டது. மின்னிசை உழைப்பற்றது, பொத்தானை அழுத்தினால் தானே வருவது என்பது அக்காலத் திறனாய்வாளர் பலர் சாட்டிய குற்றம். தொழிற்கூட ஒலியைச் சம்மட்டியால் எழுப்பி எந்திரத்துள் செலுத்தியதன் வழியாக, அக்குற்றச்சாட்டுக்குப் பாடுபொருளிலும் ஒலியிலும் ஒருசேர விடையிறுத்தது இத்தொகுப்பு. உழைப்பைப் பற்றிப் பாடுவதோடு நில்லாமல் உழைப்பின் ஒலியாலேயே பாடியமை இதன் சிறப்பு. அடுத்த ஆண்டில் வெளிவந்த 'பீப்பிள் ஆர் பீப்பிள்' பிரித்தானியாவில் 4ஆம் இடத்தையும், மேற்கு ஜெர்மனியில் முதலிடத்தையும், பின்னர் அமெரிக்காவில் 13ஆம் இடத்தையும் பெற்றது, இவ்வொலிமுறை பரந்த கேட்போரைச் சென்றடைந்ததற்குச் சான்றாகும்.

பெருந்திரளும் கணக்கும்

1988 ஜூன் 18ஆம் நாள் கலிபோர்னியாவின் பாசடேனா நகரில் உள்ள ரோஸ் பவுல் விளையாட்டரங்கில் ஏறத்தாழ 60,000 பேர் முன்னிலையில் குழு இசைத்தது. அப்பயணத்தின் 101ஆவது நிகழ்ச்சி அது. டி. ஏ. பென்னிபேக்கர் தம் குழுவினருடன் இயக்கிய '101' (1989) என்னும் ஆவணப்படம் இந்நிகழ்ச்சியை நோக்கி நகர்கின்றது. பணப் பேராசையைப் பழிக்கும் 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' பாடலைத் திரள் முழுவதும் பாடுவதைக் காட்டும் அப்படம், நிகழ்ச்சி வருவாயாகிய பணத்தாள்கள் எண்ணப்படுவதையும் காட்டுகின்றது.

குழுவின் ஒப்புதலின்றி இக்காட்சி படத்தில் இடம்பெற்றிருக்க இயலாது. வணிகத்தைச் சாடும் பாடல் வணிகப் பொருளாவதை அவர்கள் மறைக்கவில்லை. சுயேச்சைக் கலைஞன் பொருளீட்டலுக்கு அப்பாற்பட்டவன் என்னும் கற்பிதத்தை இப்படம் தகர்க்கின்றது. பணம் எண்ணப்படுகிறது என்பது குற்றமன்று. எண்ணுபவர் எவர், பங்கு எவ்வாறு பிரிகிறது என்பதே வினா. மறைக்காமல் எண்ணுதலும் ஒரு நேர்மையே.

பணிப் பகிர்வும் முறிவும்

கோர் இயற்றுவார், வைல்டர் இசைக்கோலம் அமைப்பார், காஹன் பாடுவார், ஃபிளெட்சர் நிருவகிப்பார் என்னும் பணிப்பகிர்வு 'வயலேட்டர்' (1990) தொகுப்பில் முழுமை எய்தியது. 'என்ஜாய் தி சைலன்ஸ்' பாடலே இதற்குத் தக்க சான்று. கோர் அதனை ஆர்மோனியத்தின் துணையோடு மெல்ல நகரும் பாடலாக அமைத்திருந்தார். விரைந்த தாளத்தில் அமைக்கலாம் என்னும் கருத்தை வைல்டர் முன்வைத்தார். கோர் முதலில் தயங்கிப் பின் இசைந்தார். மௌனத்தைப் போற்றும் பாடல் நடனக் கூடங்களில் ஒலிக்கும் பாடலாயிற்று. மூலத்தின் துயரம் மாறாமல் தாளம் மட்டும் மாறியதால் விளைந்த முரணே அதன் அழகு. அமெரிக்கப் பட்டியலில் 8ஆம் இடம் பெற்ற இப்பாடலை இயற்றியவர் கோர் ஒருவரே என்பது பதிவு. உருமாற்றியவரின் பங்களிப்புக்குப் பாடலுரிமையில் இடமில்லை.

இங்குதான் இக்குழுவின் சுயேச்சையில் அமைந்த குறைபாடு வெளிப்படுகின்றது. நிறுவனத்தோடு இலாபத்தைச் சரிபாதியாகப் பகிர்ந்தவர்கள், தமக்குள் உழைப்புக்குரிய ஏற்பினைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளவில்லை. 'சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் அண்ட் டிவோஷன்' (1993) பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. அதனையடுத்து 1994 ஜூலை வரை நீண்ட நெடும்பயணம் உறுப்பினர்களின் உடலையும் மனத்தையும் குலைத்தது. 1995 ஜூனில் வைல்டர் விலகினார். பணிச்சுமை சமமாகப் பகிரப்படவில்லை, தம் உழைப்பு மதிக்கப்படவில்லை என்பன அவர் வெளியிட்ட காரணங்களுள் அடங்கும். 1996இல் காஹன் போதைமருந்தின் மிகையால் உயிராபத்துக்கு உள்ளாகி மீண்டார். வெளியே முதலாளி இல்லாமை உள்ளே நீதி நிலவுவதற்கு உறுதி ஆகாது என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

மூவராகச் சுருங்கிய குழு 'அல்ட்ரா' (1997) தொகுப்புடன் மீண்டு வந்தது. வைல்டரின் இடத்தை எந்த ஓர் உறுப்பினரும் நிரப்பவில்லை. தொகுப்புதோறும் வெளியிலிருந்து வந்த தயாரிப்பாளர்களே அப்பணியை ஏற்றனர். பின்வந்த தொகுப்புகளில் பாடல்கள் தரம் குன்றவில்லை. ஆயினும், ஒலிக்கோலத்தில் முன்னைய செறிவு குறைந்துள்ளமையை உணரலாம். 'பிளேயிங் தி ஏஞ்சல்' (2005) தொகுப்பில் காஹன் எழுதிய பாடல்களும் முதன்முறையாக இடம்பெற்றன. பகிர்வின் எல்லை விரிந்ததற்கு இது சான்று. ஆனால் அவ்விரிவு பத்தாண்டு காலம் தாழ்த்தே நிகழ்ந்தது.

உரிமை மாற்றம்

2002இல் மியூட் நிறுவனம் இ.எம்.ஐ. பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மில்லர் தலைமையில் தொடர்ந்தார். 2010இல் மியூட் மீண்டும் தனித்தியங்கும் நிலையை அடைந்தபோது டெபெஷ் மோட் அதனுடன் செல்லவில்லை. 'டெல்டா மெஷின்' (2013) முதல் குழுவின் தொகுப்புகள் சோனி குழுமத்தின் கொலம்பியா வாயிலாக வெளிவருகின்றன. சட்டப்படி நோக்கின், 2002ஆம் ஆண்டுடன் இக்குழுவின் சுயேச்சை முடிவுற்றது.

எனினும், 2002க்கு முன்னும் பின்னும் வந்த தொகுப்புகளை அடுத்தடுத்துக் கேட்பவர் அவ்வாண்டில் முறிவு எதனையும் காணார். செவிக்குப் புலப்படும் முறிவு 1995இல் நிகழ்ந்தது. உரிமைப் பத்திரம் கைமாறியதைவிட, உடனுழைத்தவர் ஒருவர் நீங்கியமை இசையை ஆழமாக மாற்றியது. இவ்வுண்மை முன்னுரையில் கூறிய கருதுகோளுக்கு வலுச்சேர்க்கின்றது.

2022 மே 26ஆம் நாள் ஃபிளெட்சர் காலமானார். எஞ்சிய கோரும் காஹனும் 2023 மார்ச்சில் 'மெமெண்டோ மோரி' தொகுப்பினை வெளியிட்டனர். 'சாவினை நினை' என்னும் பொருளுடைய அத்தலைப்பினைக் குழுவினர் ஃபிளெட்சரின் மறைவுக்கு முன்பே தேர்ந்திருந்தனர். மின்னிசை இளமையின் விளையாட்டு, அதற்கு முதுமை இல்லை என்று 1981இல் கருதியோர் பலர். அறுபதை எட்டிய இருவர் அதே கருவிகளைக் கொண்டு மூப்பையும் இழப்பையும் பாடுவது, அவ்வடிவம் ஒரு மனித வாழ்நாளின் முழு நீளத்தையும் தாங்கவல்லது என்பதை நிறுவுகின்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன. டெபெஷ் மோட் குழுவின் சுயேச்சைக்கு அடித்தளமிட்டவை மூன்று: எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவி, கடனில்லா உடன்பாடு, கணக்கை அறிந்த உறுப்பினர். இவற்றால் கிடைத்த கால அவகாசமே பாடலாசிரியரை இழந்த குழுவிலிருந்து புதிய பாடலாசிரியரை உருவாக்கியது. அதே குழு தன் உறுப்பினருக்குள் உழைப்பின் மதிப்பைச் செம்மையாகப் பகிரத் தவறியபோது, முதலாளி எவரும் தலையிடாமலேயே தன் செழுமையில் ஒரு பகுதியை இழந்தது.

ஆகவே ஓர் இசைக்குழுவைச் சுயேச்சையானது என்று கூறுமுன், அதன் இசைத்தட்டில் எந்நிறுவனத்தின் முத்திரை உள்ளது என்பதோடு திறனாய்வாளர் நின்றுவிடலாகாது. தோல்வியுற்ற தொகுப்புக்குப் பின் அக்குழுவுக்கு என்ன நேர்ந்தது, பெயர் பெறாத உழைப்பு எவருடையது என்னும் இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். எவரையும் சாராமல் கலை இயங்குவதில்லை. யாரைச் சார்வது, எவ்வகையில் சார்வது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளும் நிலையே கலைஞனின் சுயேச்சை எனக் கொள்வது பொருந்தும்.